சிவமலர் சட்டப்படி பிள்ளை பார்த்தது

பிள்ளை பெறுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால், பெற்ற பிள்ளையை அயல்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒரு தாய் வேலைக்குப் போவது எவ்வளவு பயங்கரமான செயல் என்பதை உணர்ந்து, அதற்கென்று ஒரு சட்டப் பிரிவையும், பிரிவுக்கு உபபிரிவுகளையும், உபபிரிவுகளுக்கு விளக்கக் குறிப்புகளையும், எல்லாவற்றின் அடியிலும் குத்த ஒரு வட்ட முத்திரையையும் உண்டாக்கி மனித குலத்தைக் கைதூக்கிவிட்ட நாடு ஜேர்மனி.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்தப் பிரிவு இன்னும் இறுக்கி எழுதப்பட்டது. பிறர் பிள்ளையைத் தன் வீட்டில், வாரத்துக்கு இத்தனை மணித்தியாலத்துக்கு மேல், ஊதியம் பெற்றுப் பார்ப்பவர் எவராயினும் இனி அனுமதி பெற வேண்டும். இந்த ஒளி பரவும்வரை, கொலோனுக்குப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில், ஒரு மாடிக் குடியிருப்பில், சிவமலர் என்ற பெண் இருளில் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

இருள் என்றால் உண்மையான இருள். விடிவதற்கு நெடுநேரம் முன்பே நான்கு தாய்மார் நான்கு பிள்ளைகளைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு அவள் கதவைத் தட்டுவார்கள். மணியை அடிக்க மாட்டார்கள், பிள்ளைகள் எழும்பிவிடும். நான்கு பேரும் கந்தோர்களையும் கடைகளையும் திறக்க முன்னர் துப்புரவு செய்யும் வேலைக்குப் போகிறவர்கள். சிவமலர் பிள்ளைகளை வாங்கி, கூடத்தில் விரித்த பாயில் வரிசையாகக் கிடத்துவாள். விடிந்ததும் எழுப்பி, முகம் கழுவி, புட்டும் வாழைப்பழமும் குழைத்து ஊட்டி, கிண்டர்கார்டன் திறந்ததும் கொண்டுபோய் விடுவாள். இதில் எந்தக் 'கல்வியியல் கோட்பாடும்' இருக்கவில்லை. பிள்ளைகளும் அந்தக் குறையை உணராமல் கொழுத்துக்கொண்டிருந்தன.

அவள் வேலைக்குப் போகாததற்குக் காரணம் கணவர் நித்தியானந்தன். பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய வாய் இரண்டு பேரின் வேலையைச் செய்தது. காலையில் தாதி வந்து கழுவித் துடைத்துக் கதிரையில் இருத்திவிட்டால் பகல் முழுக்கச் சமாளிப்பார். அதுவரை அவரைத் தனியே விட்டு நகர ஏலாது.

நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி சுபானி. மூன்று வயது. அவளுடைய தாய் பேர்பெச்சுவா, இரண்டு தெரு தள்ளி நாலாம் மாடியில் இருந்தாள். கணவன் லண்டனுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனவன். அந்தக் கலியாணம் இன்னும் முடியவில்லை. பேர்பெச்சுவாவிடம் நிரந்தர விசா இல்லை. வேலை இருக்கும்வரை விசா, விசா இருக்கும்வரை வேலை என்று இரண்டும் ஒன்றையொன்று கையில் பிடித்துக்கொண்டு நின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது சிவமலரின் பாய்.

இப்படி அறியாமையில் மூழ்கிக் கிடந்த இவர்களைக் கரையேற்றியவர் தியாகு அண்ணை. தமிழர் கலை கலாசார நலன்புரி மன்றத்தின் ஸ்தாபகர், தலைவர், போஷகர் ஆகிய மூன்று பேரும் அவர்தான். விழா இல்லாமல் ஒரு மாதம் போனால் அவருக்கு உடம்பு காயும். ஒருநாள் ஜேர்மன் பத்திரிகையில் பிள்ளை பார்ப்பவர்கள் பற்றிப் புதுச்சட்டம் என்ற தலைப்பைக் கண்டார். தலைப்பை மட்டும் படித்தாலே விசயத்தைப் பிடித்துவிடும் அறிவு அவருடையது. நேரே சிவமலர் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, அரசாங்கமே பிள்ளை பாக்கிற ஆக்களைக் கண்டுகொண்டிட்டுது. நாங்கள் பேசாமல் இருந்தால் வெக்கம். உமக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கிறம்."

"எனக்கு விழா ஒண்டும் வேண்டாம் அண்ணை."

"விழா உமக்கில்லை, சமூகத்துக்கு. நீர் மேடையிலை இருந்தால் காணும்."

"இவரை விட்டிட்டு வர ஏலாது."

"அவரையும் கதிரையோட தூக்கி மேடையிலை வைப்பம்."

"எந்தப் பக்கம் மேல எண்டு ஒருக்காப் பாத்து வையுங்கோ" என்றார் நித்தியானந்தன். "பிரதம விருந்தினர் ஆர்? வழக்கம்போல நீங்களோ?"

தியாகு குரலைத் தாழ்த்தினார். "யூகென்ட்அம்ட். அதின்ரை பொறுப்பதிகாரி. பிராவ் கெர்ஸ்டன். வாறனெண்டு கடிதம் போட்டிருக்கிறா."

பிள்ளையின் போர்வையை எடுத்துப்போக வந்திருந்த பேர்பெச்சுவா வாசலில் நின்றுவிட்டாள். "அது பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போற கந்தோரெல்லோ?"

"அது கவனிக்காத பிள்ளையளை. எங்களை மெச்சத்தான் வருவினம்" என்றார் தியாகு.

யூகென்ட்அம்ட் என்ற இளைஞர் நல அலுவலகத்தைக் கண்டால் பத்து வீடு தள்ளி நடக்கும் நாடு அது. அந்த அலுவலகத்தின் அதிகாரிக்குத் தங்க எழுத்தில் அழைப்பிதழ் அச்சடித்து, 'தாங்கள் இல்லாமல் விழா சிறக்காது' என்று எழுதித் தபாலில் சேர்த்த முதல் மனித இனம் நாமாகத்தான் இருப்போம்.

விழா ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. பிராவ் கெர்ஸ்டன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஆகவே நெடுநேரம் வெறுங்கதிரைகளுக்கு நடுவில் தனியே இருந்தார். மங்கல விளக்கேற்றியபோது தீயணைக்கும் கருவி எங்கே என்று கேட்டார். பொன்னாடை போர்த்தியபோது அதன் பெறுமதியைக் கேட்டார். அரச ஊழியர்கள் பெறுமதியான அன்பளிப்பு வாங்கக் கூடாது. தியாகு அண்ணை மரியாதையை உத்தேசித்து வாங்கிய விலையைப் பல மடங்காக்கிச் சொன்னார். பிராவ் கெர்ஸ்டன் பொன்னாடையைக் கழற்றி, அழகாக மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தியாகு அண்ணை ஜேர்மன் மொழியில் வரவேற்புரை ஆற்றினார். அந்த உரையின் அழகு மொழிபெயர்ப்பில் கொஞ்சம் குறையும்.

"இந்தப் பெண்மணி எந்தப் பயிற்சியும் பெறாதவர்" என்று தொடங்கினார். பிராவ் கெர்ஸ்டன் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "எந்த உதவியும் இல்லாதவர். தனி ஒருவர். படுக்கையில் கிடக்கும் கணவரை ஒரு கையால் பார்த்துக்கொண்டு மறு கையால் பிள்ளைகளைப் பார்ப்பவர். விடிய முன் தொடங்குவார். ஒரே அறை. ஒரே பாய். ஒரே தட்டிலிருந்து எல்லாருக்கும் தன் கையாலேயே ஊட்டுவார். ஆண்டுக்கணக்காக இப்படி. ஒரு அலுவலகத்தின் வாசலை மிதித்தவரல்ல, ஒரு சட்டத்தைப் படித்தவரல்ல. எண்ணிக்கையற்ற பிள்ளைகள்."

பிராவ் கெர்ஸ்டன் கையை உயர்த்தினார். "எண்ணிக்கையற்ற என்றால் எத்தனை?"

தியாகு அண்ணை மண்டபத்திலிருந்த பிள்ளைகள் எல்லாரையும் மேடைக்கு அழைத்தார். சொக்கிலேற் உண்டு என்று அறிவித்ததால் எல்லாரும் வந்தார்கள். மேடை நிரம்பி, ஓரத்தில் இருந்தவர்கள் கீழே தொங்கினார்கள். பிராவ் கெர்ஸ்டன் எழுந்து நின்று எண்ணினார். பிள்ளைகள் ஓடித் திரிந்ததால் மறுபடியும் எண்ணினார்.

"இவர் இதற்கு ஊதியம் பெறுகிறாரா?"

"ஒரு சதமும் வாங்குவதில்லை" என்றார் தியாகு.

சட்டம் இந்த ஓர் இடத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஊதியம் இல்லையென்றால் அனுமதி தேவையில்லை. தியாகு அண்ணை அந்த வசனத்தோடு இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒலிவாங்கியைப் பிடித்த ஒரு தமிழர் ஒரு வசனத்தோடு இருந்ததாக எங்கும் பதிவில்லை.

"ஆனால்," என்று அவர் குரலை உயர்த்தினார், "நன்றியுள்ள தாய்மார் மீனும் முருங்கைக்காயும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இவரின் காலடியில் குவிக்கிறார்கள்."

மேடையில் சிவமலரின் அருகே இருந்த பேர்பெச்சுவா குனிந்தாள். "அக்கா, அந்த மனிசி எழுதிக்கொண்டே இருக்குது."

பேசி முடித்து வியர்வையைத் துடைத்தபடி வந்த தியாகு அண்ணையும் அதைக் கவனித்திருந்தார். "பாத்தியளே, ஒரு சொல் விடாமல் எழுதிறா. இப்பிடி ஒரு ரசிகையை நான் கண்டதில்லை."

அடுத்த கிழமையே அந்த ரசிகை சிவமலரின் வீட்டுக்கு வந்தார்.

பிராவ் கெர்ஸ்டன் நல்ல மனிசி. இதைச் சொல்லியே ஆகவேண்டும். குரலை உயர்த்தவில்லை. வாசலில் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். தேநீரை மறுத்தார், வடையை மறுத்தார், இரண்டையும் மறுத்ததைக் குறித்துக்கொண்டார்.

"காலையில் பிள்ளைகள் வந்ததும் என்ன செய்வீர்கள்?"

"படுப்பினம்" என்றாள் சிவமலர்.

"அதன் பிறகு?"

"எழும்புவினம்."

"இடையில், கல்வியியல் ரீதியாக, என்ன நடக்கும்?"

சிவமலர் நேர்மையாக யோசித்தாள். "சில பேர் கனவு காணுவினம்."

பிராவ் கெர்ஸ்டன் அடுத்த பக்கத்துக்குப் போனார். "வாரத்துக்கு எத்தனை முருங்கைக்காய் பெறுகிறீர்கள்?"

"எண்ணுறேல்லை."

"உத்தேசமாக?"

"அது சீசனைப் பொறுத்தது" என்றார் கதிரையில் இருந்த நித்தியானந்தன்.

"ஒழுங்காகக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"இனிமேல் வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்" என்றாள் சிவமலர்.

"இதுவரை உண்டதை என்ன செய்வது?"

முருங்கைக்காய் ஊதியம் என்று அன்று தீர்மானமாயிற்று.

"உங்களுக்குச் சொந்தப் பிள்ளைகள்?"

"ஒண்டு."

"உங்களோடு வசிக்கிறாரா?"

"இல்லை."

"எங்கே வசிக்கிறார்?"

நித்தியானந்தன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவமலர் சொன்னாள், தொண்ணூறாம் ஆண்டு, ஊரில் குண்டு போட்ட அன்று, பங்கருக்கு ஓடும்போது என்று. பிராவ் கெர்ஸ்டனின் பேனை நின்றுவிட்டது. அவர் சிவமலரின் கையைப் பிடித்தார். கண் உண்மையாகவே கலங்கியது. ஆனால் படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. 'வீட்டில் வசிக்கும் பிள்ளைகள்.' 'வீட்டை விட்டு வெளியேறிய பிள்ளைகள்.' அவர் மிகுந்த வருத்தத்தோடு இரண்டாவதில் அடையாளமிட்டார்.

பிறகு மின்சாரத் துவாரங்களுக்கு மூடி இல்லை என்பதையும், யன்னல்களுக்குப் பூட்டு இல்லை என்பதையும், ஒரு பிள்ளைக்கு ஒரு படுக்கை என்ற கணக்கு மீறப்பட்டதையும் பார்த்தார். சாடியிலிருந்த கறிவேப்பிலை நச்சுத் தாவரப் பட்டியலிலும் இல்லை, நஞ்சற்ற தாவரப் பட்டியலிலும் இல்லை. முடிவாகும்வரை அதை அலுமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார்.

"நூற்றறுபது மணித்தியாலப் பயிற்சி இருக்கிறது. காலை வேளைகளில். அதை முடித்து, வீட்டையும் திருத்திவிட்டால் அனுமதி கிடைக்கும். அதுவரை பிள்ளைகள் வரக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்போம்."

"அதுவரைக்கும் பிள்ளையள் எங்க போறது?"

"அது பெற்றோரின் பொறுப்பு."

நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளையைச் சிவமலரிடமிருந்து காப்பாற்றுவதே சட்டத்தின் வேலை. காப்பாற்றிய பிள்ளையை எங்கே வைப்பது என்பது வேறு திணைக்களம்.

நான்கு தாய்மாரில் ஒருத்தி வேலையை விட்டாள். இன்னொருத்தியின் கணவன் இரவு வேலைக்கு மாறினான். அதன்பின் அந்தத் தம்பதி படிக்கட்டில் மட்டும் சந்தித்துக்கொண்டார்கள். மூன்றாவது பெண் பிள்ளையைப் பாரிஸில் இருக்கும் மாமியாரிடம் அனுப்பினாள். பேர்பெச்சுவாவிடம் கணவனும் இல்லை, மாமியாரும் இல்லை. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டாள். கந்தோருக்கு ஆட்கள் வந்தபிறகு கூட்டினால் ஆட்களுக்குத் தூசு பிடிக்கும் என்றார் அவர்.

"அந்த நேரம் அவள் நித்திரைதானே அக்கா" என்று ஒருநாள் வந்து சொன்னாள். "இஞ்சை கொள்ளுற நித்திரையை அங்கை கொள்ளட்டும்."

"தனியவோ?"

"மாதா இருக்கிறா."

"மாதா பயிற்சி முடிச்சவாவோ?" என்றார் நித்தியானந்தன். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, குரலை மாற்றினார். "இஞ்ச பார் பிள்ளை. இப்பதானே மாதக் கட்டணத்திலை எவ்வளவும் கதைக்கலாம். விடிய வெளிக்கிடேக்கை எங்களுக்கு அடிச்சுப்போட்டு, ஃபோனை ஸ்பீக்கரிலை போட்டு அவளின்ரை தலையணைக்குப் பக்கத்திலை வை. நாங்கள் இஞ்சை கேட்டுக்கொண்டிருக்கிறம். எனக்கு வேற என்ன வேலை."

அப்படித்தான் சிவமலர் தொலைபேசியில் பிள்ளை பார்க்கத் தொடங்கினாள். விடியற்காலையில் மணி அடிக்கும். பேர்பெச்சுவா "அக்கா, போட்டு வாறன்" என்பாள். கதவு பூட்டும் சத்தம் கேட்கும். பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு பிள்ளை மூச்சு விடுவது கேட்கும். சிவமலரும் நித்தியானந்தனும் தொலைபேசியைக் கட்டிலில் நடுவில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து அந்த மூச்சைக் கேட்பார்கள். சுபானி இருமினால் இங்கே இரண்டு பேரும் எழுந்து இருப்பார்கள். ஒருவருக்குத் தானாக எழுந்து இருக்க முடியாது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

சட்டத்தை மீறிவிடக் கூடாதே என்று சிவமலர் பயந்து, பிராவ் கெர்ஸ்டனுக்கே அடித்துக் கேட்டாள். பேர் சொல்லவில்லை.

"தெரிஞ்ச ஒரு பிள்ளையின்ரை சத்தத்தை ஃபோனிலை கேட்டுக்கொண்டிருக்க அனுமதி வேணுமோ?"

அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன. "பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் கேட்பதற்குத் தடை ஒன்றும் இல்லை" என்றார் பிராவ் கெர்ஸ்டன், அன்போடு.

பயிற்சியும் நடந்தது. அங்கே ஒரு ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பொம்மை அழவில்லை, சவர்க்காரம் கண்ணில் பட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சிவமலருக்கு மிகச் சிறந்த புள்ளி கிடைத்தது. சிறு பிள்ளை விழிக்கும்போது நம்பிக்கைக்குரிய ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அவசியம் என்று ஒரு பேராசிரியர் படம் போட்டு விளக்கினார். சிவமலர் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டாள்.

அரை வருடம் கழித்து அனுமதி வந்தது. கணவரின் நோயைக் கருத்தில் கொண்டு, ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து.

பேர்பெச்சுவா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்ப நாளைக்கே கொண்டு வரட்டே அக்கா?"

சிவமலர் தலையாட்டத்தான் போனாள். அடுத்த விழாவுக்குத் திகதி கேட்க வந்திருந்த தியாகு அண்ணை குறுக்கே கையை நீட்டினார். "பொறும் பொறும். முதலாம் திகதிக்கு முன்னம் பிள்ளை வாசலை மிதிச்சால் போட்ட அன்த்ராக் விண்ணப்பம் முழுக்கப் போச்சு. உவை எப்ப வந்து பாப்பினமெண்டு ஆருக்குத் தெரியும்? சட்டத்தை மதிக்கிற சமூகம் நாங்கள். இவ்வளவு நாள் பொறுத்தனீங்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே."

விசா இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தவளும், அனுமதி போய்விடுமோ என்று பயந்தவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நாள்தானே என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கொஞ்ச நாளில் ஒரு காலை, தொலைபேசி பேசியது.

"பெரியம்மா."

"என்ரை குஞ்சு, ஏன் எழும்பினனீ? படு ராசாத்தி."

"நித்திரை முடிஞ்சுது."

"கண்ணை மூடிக்கொண்டு கிட. அம்மா இப்ப வந்திடுவா."

"நான் உங்களைப் பாக்கப் போறன்."

"என்னெண்டு?"

"கதிரையிலை ஏறி. யன்னலாலை உங்கட வீடு தெரியும்."

கதிரை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நித்தியானந்தன் ஏற்கெனவே இடக்கையால் தன் கைத்தொலைபேசியைத் தேடி அவசர இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தார். சிவமலருக்குக் கால் வாசல் பக்கம் ஓடப் பார்த்தது. ஓடிப்போனால் அங்கே பூட்டிய கதவு, திறப்பு பேர்பெச்சுவாவிடம். தொலைபேசியை விட்டால் பிள்ளைக்குக் குரலும் இல்லை.

"சுபானி, கீழ இறங்கம்மா."

"கைபிடி இறுக்கமாக் கிடக்கு." பிறகு, "திறந்திட்டுது. குளிருது பெரியம்மா."

சிவமலருக்குப் பயிற்சியில் கற்ற ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "குஞ்சு, பெரியப்பா உன்ரை பாட்டுக் கேக்கவேணுமாம். கிண்டர்கார்டனிலை படிச்ச பாட்டு. யன்னலிலை நிண்டு பாடினால் அவருக்குக் கேக்காது. ஃபோனுக்குக் கிட்ட வந்து பாடு."

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதிரை ஆடும் சத்தம். பிறகு சின்னக் கால்கள் தரையில் வரும் சத்தம். பிறகு, மிகக் கிட்டத்தில், பாட்டு.

"பெரியப்பாவுக்கு விளங்கேல்லையாம், திரும்பப் பாடு" என்றாள் சிவமலர். கதவு உடையும்வரை அந்தப் பிள்ளை அதே பாட்டைப் பாடிக்கொண்டே இருந்தது.

மீட்புப் பணியின் வேகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தீயணைப்பு வண்டி வந்தது, பொலிஸ் வந்தது, வைத்தியர் வந்தார். வைத்தியர் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை சோதித்துப் பசியைத் தவிர வேறு குறை இல்லை என்று எழுதினார். பேர்பெச்சுவா வேலையால் வந்தபோது கதவு இருந்த இடத்தில் ஒரு பலகையும், பலகையில் ஒரு கடிதமும் இருந்தன. சுபானியை இளைஞர் நல அலுவலகம் பொறுப்பேற்றிருந்தது.

வேறொரு நகரத்தில், அவசரப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வைத்தார்கள். சுத்தமான இல்லம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப்படுக்கை. துவாரங்களுக்கெல்லாம் மூடி. சுபானி சாப்பிடவில்லை, ஒருவரோடும் பேசவும் இல்லை. பிராவ் கெர்ஸ்டனுக்குத் தாங்கவில்லை. தமிழ் பேசுகிற, பயிற்சி முடித்த, அனுமதி பெற்ற, இடம் காலியாக உள்ள பராமரிப்பாளர் யாராவது இருக்கிறார்களா என்று பதிவேட்டைத் தேடினார். ஒருவர் இருந்தார்.

விடியற்காலைச் சில மணித்தியாலத்துக்கு அனுமதி கொடுக்க அரை வருடம் யோசித்த அலுவலகம், இரவு பகல் முழுவதுக்கும் அதை ஒரே பின்னேரத்தில் நீட்டிக் கொடுத்தது. முதலாம் திகதி, அலுவலகக் காரில், விதிப்படி பொருத்திய பிள்ளை ஆசனத்தில் சுபானி வந்து இறங்கினாள். பிராவ் கெர்ஸ்டன் அவளை மாடிக்குத் தூக்கி வந்து சிவமலரின் கையில் கொடுத்தார்.

"உங்கள் முதல் பிள்ளை" என்றார் புன்னகையோடு. "வாழ்த்துகள்."

தாய் பார்க்கலாம். புதன்கிழமை பின்னேரம், முன்கூட்டியே நேரம் பதிந்து தெர்மின் எடுத்து, ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் தாய் நடந்துகொண்ட விதத்தைச் சிவமலர் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் புதன்கிழமை பேர்பெச்சுவா வந்து, கூடத்தில் விருந்தாளி மாதிரிக் கதிரை நுனியில் இருந்தாள். சுபானி அவளுடைய மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். நேரம் முடிந்ததும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவள் சிவமலர்.

கதவு சாத்திய பிறகு அவள் அறிக்கைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதுமன்" என்றார் நித்தியானந்தன். "தாய் அழுதவா. பிள்ளை அழுதுது. எழுத வேண்டியவவும் அழுதவா. கல்வியியல் ரீதியா ஒண்டும் நடக்கேல்லை."

"விசர்க்கதை கதையாதையுங்கோ."

"அப்ப வேற என்னத்தை எழுதப் போறீர்?"

'தாய் அமைதியாக நடந்துகொண்டார்' என்று எழுதினாள் சிவமலர். அப்படி எழுதினால் பிள்ளையை விரைவில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

சில கிழமைகளின் பின் பிராவ் கெர்ஸ்டன் பேர்பெச்சுவாவைக் கூப்பிட்டார். பராமரிப்பாளர் என்ற முறையில் சிவமலரும் போனாள். அலுவலக அறையில் பிள்ளைகள் வரைந்த படங்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன. அறிக்கைகள் எல்லாம் திருப்தி என்றார் பிராவ் கெர்ஸ்டன். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது அலுவலகத்தின் நோக்கமே அல்ல என்றார்.

"அப்ப எப்ப தருவியள்?" என்று கேட்டாள் பேர்பெச்சுவா.

"ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை தனியே இருக்கக் கூடாது. பதிவுபெற்ற பராமரிப்பாளரிடம் இடம் எடுத்திருக்கிறீர்கள் என்று காட்டினால் அன்றைக்கே கூட்டிப் போகலாம்."

"அந்த நேரத்திலை பிள்ளை பாக்கிற ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"விடிய முன்னர் எடுப்பவர் இந்த நகரத்தில் ஒருவர்தான். இதோ, உங்கள் பக்கத்தில் இருக்கிறார்."

பேர்பெச்சுவா சிவமலரின் கையைப் பற்றினாள். "அப்ப அக்காவிட்டை விடுறன். முந்தியும் அங்கைதானே விட்டனான்."

பிராவ் கெர்ஸ்டனின் முகம் மலர்ந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. கணினியில் சிவமலரின் பதிவைத் திறந்தார். திரையைப் பார்த்தார். மலர்ந்த முகம் மெல்லக் கூம்பியது.

"மன்னிக்க வேண்டும். இவருக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் அனுமதி. அந்த இடம் நிரம்பிவிட்டது."

"ஆராலை?" என்றாள் சிவமலர்.

பிராவ் கெர்ஸ்டன் திரையில் இருந்த பெயரைத் தவறில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். சுபானி.

பிராவ் கெர்ஸ்டன் இளகிய மனது உள்ளவர். அவர்களை வெறுங்கையோடு அனுப்ப விரும்பவில்லை. காத்திருப்போர் பட்டியலைத் திறந்து, சுபானி அந்த இடத்தை விட்டுப் போனதும் அந்த இடம் சுபானிக்கே கிடைக்கும்படி அவளுடைய பெயரைப் பதிந்தார்.

"எனக்கு முன்னாலை எத்தனை பேர் நிக்கினம்?" என்று பேர்பெச்சுவா கேட்டாள்.

"ஒருவரும் இல்லை" என்றார் பிராவ் கெர்ஸ்டன். "உங்களைத் தடுக்க ஒருவருமே இல்லை."